கீவ் நகரத்து வீராங்கனைகள்

ஹேண்ட்பால் என்றதும் "வாலிபால்தானே?" என்று கேட்கும் நண்பர்களே! அணிக்கு 7 பேர், கையாலேயே கோல் போடும் ஆட்டம் இது. எனக்குப் பிடித்த டீம், உக்ரைனின் ஸ்பார்டக் கீவ் மகளிர் கிளப்.

1969 முதல் 1988 வரை விடாமல் 20 வருஷம் சோவியத் சாம்பியன்! ஐரோப்பியக் கோப்பை 13 தடவை. கோச் இகோர் துர்ச்சின் மகா கண்டிப்பானவர். 1976, 1980 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற சோவியத் அணிக்கும் அவர்தான் கோச். ஆடியவர்களில் பலர் கீவ் பெண்கள்.

"கல்யாணம் ஆனா ஆட்டம் அவ்வளவுதான்" என்று எங்க வீட்டிலும் சொல்றாங்க. துர்ச்சினிடம் பயிற்சிக்கு வந்து, அவரையே மணந்தவர் சினாயிதா துர்ச்சினா. 2 குழந்தைகள் பிறந்த பிறகும் பந்தை விடவில்லை. 1988 சியோல் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியபோது அவருக்கு வயசு 42!