பரணிலிருந்து குளக்கரைக்கு

அப்பாரு காலத்துக் கொங்கு நாட்டில் பறவை பார்ப்பது பொழுதுபோக்கு அல்ல, காவல் வேலை. மானாவாரிக் காட்டில் சோளம் பால் பிடிக்கத் தொடங்கியதும், விடியுமுன் பரணேறி, கவணும் தகர டப்பாவுமாக உட்கார்ந்துவிட வேண்டும். கொஞ்சம் கண்ணயர்ந்தால் சோளப்பட்சிக் கூட்டம் இறங்கிக் கதிரை மொட்டையாக்கிவிடும். கருந்தலையும் ரோஜா நிற உடலுமாக வரும் இந்தப் பறவை, நடு ஆசியப் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே பிழைக்க வருவது. பரணில் இருந்தவருக்கு அந்தத் தேசமெல்லாம் தெரியாது. எந்த மாதம் வரும், எந்தத் திசையிலிருந்து இறங்கும், எந்த மரத்தில் அடையும் என்பது அத்துப்படி.

அந்தச் சோளக்காடுகளில் பல இன்று தென்னந்தோப்பு, மீதி வீட்டுமனை. சோளப்பட்சி வரத்தான் செய்கிறது. விரட்டத்தான் ஆளில்லை.

பார்ப்பவர்களும் மாறிவிட்டார்கள். ஐப்பசி பிறந்தால் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கோவைப் பக்கத்துச் சிங்காநல்லூர், சூலூர், கிருஷ்ணாம்பதி குளக்கரைகளில் கழுத்தில் பைனாகுலரோடு நாலு பேராவது நிற்கிறார்கள். முன்பு 1941-இல் வெளிவந்த, பறவையியலாளர் சாலிம் அலியின் புத்தகமே துணை. அவர் பெயரில் 1990-இல் ஆனைகட்டியில் ஆய்வு மையமே வந்தது. இப்போது பார்த்ததைப் பதியக் கைபேசியில் இ-பேர்ட் செயலி. குரலைக் கேட்டே பெயர் சொல்ல மெர்லின். மெர்லின் சொன்னதற்காகவே, கண்ணில் படாத பறவையைப் பட்டியலில் ஏற்றுவது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் பரண்காரரின் அறிவு அவரோடு போயிற்று. இவர்கள் பார்த்தது தேதியோடு நிற்கிறது. இது சின்ன விஷயமல்ல.

குளங்களின் கதைதான் கவலை தருகிறது. நொய்யலில் வெள்ளம் வந்தால் வாய்க்கால் வழியே குளம் நிறையும். கோடையில் வற்றி மாடு மேயும். இடைப்பட்ட மாதங்களில் நீர் இறங்க இறங்க, கணுக்கால் அளவுச் சேறு வெளிப்படும். வடக்கிலிருந்து வரும் உள்ளான்களுக்கு அந்தச் சேறுதான் சாப்பாட்டுத் தட்டு. இன்று நகரக் குளங்கள் பலவற்றில் சாக்கடை நீர் ஆண்டு முழுவதும் நிற்கிறது, மேலே ஆகாயத்தாமரை. தாழைக்கோழிக்கும் இலைக்கோழிக்கும் கொண்டாட்டம். உள்ளானுக்குக் கால் வைக்க இடமில்லை. உக்கடம் பெரியகுளத்திலும் வாலாங்குளத்திலும் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் நடைபாதையும் விளக்குகளும் வந்தன. நடக்கிறவர்களுக்கு வசதிதான். இரவில் இரை தேடும் வாத்துகளை யாரும் கேட்கவில்லை.

மயிலின் கதை நேர்மாறு. ஒரு காலத்தில் மயில் பார்க்க மலையடிவாரம் போனோம். இன்று வடவள்ளியில் மொட்டைமாடியில் நிற்கிறது. விவசாயி தக்காளிக்காக அதனோடு மல்லுக்கட்டுகிறார்.

நல்ல சேதியும் உண்டு. 2022-இல் ஈரோடு வெள்ளோடும், 2024-இல் திருப்பூர் நஞ்சராயன் குளமும் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. இமயத்தைத் தாண்டிவரும் வரித்தலை வாத்தை, பனியன் கம்பெனிகளின் ஊரில் நஞ்சராயன் கரையில் நின்றே பார்க்கலாம். கோவைக் குளங்களிலும் ஒரு பக்கக் கரையையாவது கல் பதிக்காமல், விளக்குப் போடாமல் விட்டுவைக்க மாநகராட்சி முன்வர வேண்டும்.

ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வருகிறது. வீட்டு வாசலில் நின்று 15 நிமிடம் பார்த்து எழுதினாலும் கணக்கில் சேரும். காக்கையும் மைனாவும் மட்டுமே கண்ணில் பட்டாலும் விடாமல் எழுதி அனுப்புங்கள்.