சாலையில் பிறந்த பந்தயம்

மகனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்துவிட்டு, அவன் வீடு திரும்பும்வரை கண்விழித்திருக்கும் பெற்றோர் தைப்பிங்கிலும் உண்டு. 'ரெம்பிட்' என்று ஊரே கண்டிக்கும் சாலைப் பந்தயத்தை இன்றைய பிள்ளைகள்தான் கண்டுபிடித்தார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். ஒரு காலத்தில் அனுமதியோடு, கோப்பையும் கொடுத்து, பொதுச் சாலையில்தான் பந்தயம் நடத்தினார்கள்.

சிங்கப்பூரின் தோம்சன் சாலையில் 1961ல் அது தொடங்கியது. மறு ஆண்டே அதற்கு மலேசிய கிராண்ட் பிரீ என்று பெயர். மலேசியா என்ற நாடு உருவானதோ 1963ல்தான்! சுற்று ஏறத்தாழ 4.8 கிலோமீட்டர். மற்ற நாட்களில் பஸ்ஸும் லோரியும் ஓடிய அதே தார்ச் சாலை. ஓரத்தில் விளக்குக் கம்பம், பஸ் நிறுத்தம், ஆழமான கால்வாய். வளைவில் வழுக்கியவர் இவற்றில்தான் மோத வேண்டும். 1973ஆம் ஆண்டோடு நிறுத்தப்படுவதற்குள் ஏழு உயிர்கள் போயின.

சிங்கப்பூர் பிரிந்த பின், 1968ல் சிலாங்கூரின் பத்து தீகாவில் பந்தயத்துக்கென்றே தனித்தடம் திறக்கப்பட்டது. தனித்தடம் என்றால் ஆபத்து நீங்கிவிடுமா? 1977ல் அங்கே நடந்த விபத்தில் வேடிக்கை பார்க்க வந்த குழந்தைகள் மாண்டனர். தடம் மூடப்பட்டு, சீரமைத்த பிறகே திறந்தது. 2003ல் அதை இடித்துவிட்டார்கள்.

வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்பதற்கான தூரம் நான்கு மடங்காகும். அந்தத் தூரத்தைச் சாலை தராது. 1999ல் திறக்கப்பட்ட 5.543 கிலோமீட்டர் சிப்பாங் தடத்தில் வளைவுகளுக்கு வெளியே அகன்ற வெற்றிடமும் சரளைக்கல் படுகையும் இருக்கின்றன. சக்கரம் கல்லில் புதைந்து வேகம் குறையும். அப்படியும் 2011ல் இத்தாலிய வீரர் மார்கோ சிமோன்செல்லி அங்கே கீழே விழுந்து, பின்னால் வந்த வண்டிகள் மோதி உயிரிழந்தார். மழை கொட்டினால் எந்தத் தடமும் உதவாது. 2009 ஃபார்முலா ஒன் பந்தயத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். மழை ஊரான தைப்பிங்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சாலைப் பந்தயம் திரும்பவும் வந்திருக்கிறது. சிங்கப்பூரில் 2008ல், சென்னையில் 2024ல், இரண்டும் இரவில். ஆனால் போக்குவரத்தை நிறுத்தி, இருபுறமும் கான்கிரீட் தடுப்பும் கம்பி வேலியும் எழுப்பிய பிறகே வண்டிகளை விட்டார்கள்.

சிப்பாங்கில் கட்டணம் செலுத்திச் சொந்த வண்டியை ஓட்டிப் பார்க்கப் பொதுமக்களுக்கும் நாட்கள் ஒதுக்குகிறார்கள். தைப்பிங்கிலிருந்து அங்கே போக ஏறக்குறைய 300 கிலோமீட்டர். பெட்ரோல், டோல், கட்டணம், பாதுகாப்பு உடை என்று கணக்குப் பார்த்தால் தோட்டத்துப் பிள்ளைக்குக் கட்டுப்படியாகாது. கமுண்டிங் சாலையோ வீட்டு வாசலில் இருக்கிறது.