கண்ணைக் கலங்கவைக்கும் வெங்காயம்

பூண்டு உரிக்கிறோம், நறுக்குகிறோம், கண் கலங்குவதில்லை. வெங்காயத்தில் கத்தி வைத்ததும் மட்டும் கண்ணீர் ஏன் பொலபொலவென்று கொட்டுகிறது? யோசித்திருக்கிறீர்களா நேயர்களே?

வெங்காயத்தை வெட்டும்போது அதன் செல்கள் உடைகின்றன. அதுவரை உள்ளே தனித்தனியாக இருந்த ஒரு கந்தகப் பொருளும் ஒரு நொதியும் ஒன்றோடொன்று கலக்கின்றன. அதிலிருந்து எழும் ஆவிதான் கண்ணை எரிக்கிறது. விஞ்ஞானிகளும் வெகுகாலம் இந்த ஒரே நொதிதான் காரணம் என்று நினைத்திருந்தார்கள்.

ஜப்பானில் கறி மசாலா தயாரிக்கும் ஹவுஸ் ஃபுட்ஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2002-இல் வேறொரு உண்மையைக் கண்டுபிடித்தார்கள். கண்ணீரை வரவழைக்கும் ஆவியை உருவாக்க இரண்டாவதாக இன்னொரு நொதியும் வேண்டும். அது வெங்காயத்தில் இருக்கிறது, பூண்டில் இல்லை!

சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கென்றே இக் நோபெல் என்று ஒரு குறும்புப் பரிசு உண்டு. 2013-இல் அது இவர்களுக்குக் கிடைத்தது. அதோடு விட்டார்களா? கண்ணீர் வராத வெங்காயத்தையே உருவாக்கி, 'ஸ்மைல் பால்' என்று பெயர் சூட்டி, ஜப்பானியக் கடைகளில் விற்பனைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள்.

அந்த வெங்காயம் நமக்குக் கிடைக்காவிட்டால் என்ன? நறுக்குவதற்கு முன் வெங்காயத்தைக் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். குளிர்ச்சியில் நொதியின் வேகம் குறையும். ஆவியும் குறைவாகவே எழும். கத்தியும் நல்ல கூர்மையாக இருக்கட்டும், செல்கள் அதிகம் நசுங்காது. இன்றைய சாம்பாருக்கே செய்து பாருங்களேன்!