ஆழியாற்றுத் தண்ணீரும் ராஜ்யங்களின் மனமும்

ஆனைமலை ஊரைத் தொட்டுக்கொண்டு மேற்கு நோக்கிச் செல்லும் ஆழியாறு, சில மைல்களுக்கு அப்பால் மணக்கடவு என்னும் இடத்தில் ஒரு சிறு அணைக்கட்டைக் கடக்கிறது. அங்கே தண்ணீர் அளக்கப்படுகிறது. ஜூலை முதல் தேதி தொடங்கி மறு ஜூன் 30 வரையுள்ள ஓராண்டில் 725 கோடி கன அடி, அதாவது அதிகாரிகள் வழக்கில் 7.25 டி.எம்.சி., தண்ணீர் அவ்விடத்தைத் தாண்டிக் கேரளத்தின் சித்தூர்ப் பிரதேசத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது ஏற்பாடு. மேலே ஆனைமலையிலும் பொள்ளாச்சியிலும் தென்னை வாடும் ஆண்டிலும் அந்தக் கணக்கை மறந்துவிட இயலாது.

மேட்டில் இருப்பவன் பள்ளத்தில் இருப்பவனுக்கு ஏன் தண்ணீர் விடுகிறான்? பயத்தினாலா, லாபத்தினாலா, அல்லது விடுவதே முறை என்று இருவர் மனமும் ஒப்பியதாலா? கேட்பதற்கு இது வாய்க்கால் மேட்டுக் கேள்வி போலத் தோன்றும். ஆனால் உலக ராஜ்யங்களின் உறவைப் பற்றிக் கல்விமான்கள் சென்ற சில பதிற்றாண்டுகளாக நடத்திவரும் பெரிய விவாதமும் இதுவேயாகும். அவ்விவாதத்தை நம் மலையடிவாரத்துத் தண்ணீரைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம் என்பது நமது கருத்து.

இரண்டு சித்தாந்தங்கள்

1979 இல் அமெரிக்கப் பேராசிரியர் கென்னத் வால்ட்ஸ் சர்வதேச அரசியலைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதிலிருந்து வளர்ந்த கொள்கைக்கு நவ யதார்த்தவாதம் என்று பெயர். அதன் சாரம் எளியது. ஒரு தேசத்துக்குள் சர்க்கார் உண்டு, போலீஸ் உண்டு, கோர்ட்டு உண்டு. ராஜ்யங்களுக்கு மேலே அவ்வாறு ஒரு தலைவன் இல்லை. ஆகவே ஒவ்வொரு ராஜ்யமும் தன் கையே தனக்கு உதவி என்று வாழ வேண்டியிருக்கிறது. உள்ளே நடப்பது முடியாட்சியா குடியாட்சியா, ஆள்பவர் சாதுவா துஷ்டரா என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். யாரிடம் எவ்வளவு பலம் என்பதே முதற் கேள்வி. ஒத்துழைப்பு நடக்காது என்று இவர்கள் சொல்வதில்லை. ஆனால் ஒத்துழைக்கும்போதும், ‘எனக்கு என்ன கிடைக்கும்’ என்பதோடு நில்லாமல், ‘எனக்குக் கிடைப்பதைவிட அவனுக்கு அதிகம் கிடைத்துவிடுமோ’ என்றும் ஒவ்வொருவரும் அஞ்சுவர் என்கிறார்கள்.

இதற்கு எதிராக எழுந்தது ஆக்கவாதம். நிக்கலஸ் ஓனஃப் என்பவர் 1989 இல் அப்பெயரை வழங்கினார். அலெக்ஸாண்டர் வென்ட் 1992 இல் ஒரு கட்டுரையாலும் 1999 இல் ஒரு நூலாலும் அதைப் பரப்பினார். தலைவன் இல்லாத நிலை என்பது உண்மையே. ஆனால் அந்நிலை தானாக எதையும் விதித்துவிடுவதில்லை, ராஜ்யங்கள் ஒன்றையொன்று எவ்வாறு எண்ணிப் பழகுகின்றனவோ அவ்வாறே அது பகையாகவோ போட்டியாகவோ நட்பாகவோ உருவெடுக்கிறது என்பது அவர்கள் வாதம். பிரிட்டனிடம் அணுகுண்டுகள் ஏராளமாய் உண்டு. அதைக் கண்டு அமெரிக்கா உறக்கம் இழப்பதில்லை. வட கொரியாவிடம் உள்ள சில குண்டுகளே அதற்குப் பெருங்கவலை. குண்டு ஒன்றே, அதை வைத்திருப்பவன் யார் என்ற எண்ணமே வேறு. ‘எனது நலன் யாது’ என்ற கேள்விக்கு முன்பே, ‘நான் யார், அவன் யார்’ என்ற கேள்விக்கு விடை இருந்தாக வேண்டும்.

1989 முதல் 1991 வரை சோவியத் சாம்ராஜ்யம் பெரும் போர் எதுவும் இன்றிக் கலைந்தபோது, பலாபலக் கணக்கு மட்டும் பார்த்தவர்கள் திகைத்தார்கள். ஆக்கவாதத்துக்குச் செவிகள் கிடைத்தது அதற்குப் பின்னரே.

ஆறு மாறவில்லை, பெயர் மாறியது

இனி நம் மலைக்கு வருவோம். ஆனைமலைத் தொடரில் உற்பத்தியாகும் ஆறுகளிற் பல மேற்கே ஓடி அரபிக் கடலில் சேர்வன. கிழக்கே கொங்குச் சீமையோ மழை மறைவில் கிடக்கும் வறண்ட பூமி. மேற்கே போகும் தண்ணீரில் ஒரு பகுதியைக் கிழக்கே திருப்புவதே பரம்பிக்குளம்–ஆழியாறுத் திட்டம்.

இத்தண்ணீர் யாருடையது? விடை காலத்துக்குக் காலம் மாறியதைப் பாருங்கள். வெள்ளையர் ஆட்சியில் கோயமுத்தூர் ஜில்லாவும், பாலக்காட்டை உள்ளடக்கிய மலபார் ஜில்லாவும் ஒரே சென்னை மாகாணம். பரம்பிக்குளம் காடும் சித்தூரும் கொச்சி மகாராஜாவின் ஆளுகை. 1949 ஜூலையில் கொச்சி திருவிதாங்கூரோடு இணைந்தது. 1956 நவம்பர் முதல் தேதி மொழிவழி ராஜ்யங்கள் பிறந்தபோது, மலபாரும் அதனோடு சேர்ந்து கேரளமாயிற்று. அக்டோபர் 31 ஆம் தேதி இரவு வரை பொள்ளாச்சிக்காரனுக்குப் பாலக்காட்டுக்காரன் ஒரே ராஜ்யத்துப் பிரஜை. மறுநாட் காலையில் அவன் அயல் ராஜ்யத்தான். மழை ஓர் அங்குலம் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆறு தன் திசையை விட்டு விலகவுமில்லை. ஆனால் ‘நமது தண்ணீர்’ என்ற சொல்லின் பொருள் ஒரே இரவில் வேறாயிற்று. நலன் என்பது மண்ணிலும் நீரிலும் மட்டும் கிடப்பதன்று, ‘நாம்’ என்ற சொல்லின் எல்லையிலும் கிடக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

அந்தப் புதிய எல்லையின் இரு புறமும் இருந்தவர்கள் பேசி முடித்தார்கள். சென்னையில் காமராஜர் முதல் மந்திரி. பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த ஸி. சுப்பிரமணியம் நிதி மந்திரி. திருவனந்தபுரத்தில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் கம்யூனிஸ்டு மந்திரிசபை. காங்கிரஸுக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் அன்று இருந்த பகை வாசகர்கள் அறிந்ததே. அப்படியிருந்தும் இணக்கம் ஏற்பட்டது. 1961 இல் நேருஜி திட்டத்தைத் தொடங்கி வைத்தார். விரிவான உடன்படிக்கை 1970 மே 29 ஆம் தேதி கையெழுத்தாகி, 1958 நவம்பர் 9 ஆம் தேதியிலிருந்தே அமலுக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. அதற்குள் இரு புறமும் ஆட்சி மாறிவிட்டது. சென்னையில் கருணாநிதி, கேரளத்தில் அச்சுத மேனன். தொடங்கியவர் வேறு, முடித்தவர் வேறு. சொல் மட்டும் நின்றது.

உடன்படிக்கையின்படி பரம்பிக்குளத்திலிருந்து 14 டி.எம்.சி.யும், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் இரண்டிலிருந்து 2.5 டி.எம்.சி.யும் தமிழ்நாட்டுக்கு. மணக்கடவில் 7.25 டி.எம்.சி.யும், கேரளச் சோலையாற்றில் 12.3 டி.எம்.சி.யும் கேரளத்துக்கு. அந்த மூன்று அணைகளும் நிற்பது கேரள மண்ணில். இயக்குவது தமிழ்நாட்டு என்ஜினீயர்கள். சர்க்கார்பதி மின்நிலையத்தைக் கடந்து திருமூர்த்தி அணைக்கு வரும் அந்தத் தண்ணீரையும் ஆழியாற்றுத் தண்ணீரையும் நம்பி நான்கு லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் நடக்கிறது. திருமூர்த்திப் பாசனம் நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, முறை வைத்து நீர் விடப்படுகிறது.

யதார்த்தவாதியின் ஆட்சேபம்

யதார்த்தவாதி இதைக் கேட்டு நகைப்பார். ‘இதில் மனமும் எண்ணமும் எங்கே வந்தன? அணைக்கு இடம் அவனிடம், பாயும் நிலம் இவனிடம். ஆழியாற்றில் மேட்டில் இருப்பவன் இவன், பரம்பிக்குளத்தில் மண்ணுக்குடையவன் அவன். ஒருவன் குடுமி மற்றவன் கையில். இதுதான் உடன்படிக்கையின் ரகசியம்’ என்பார். மேலும், இவை சுதந்திர தேசங்கள் அல்ல, இவற்றுக்கு மேலே டில்லியும் சுப்ரீம் கோர்ட்டும் உண்டு, சர்வதேசச் சித்தாந்தத்துக்கு இது உதாரணமாகுமா என்றும் கேட்பார். இரண்டும் நியாயமான ஆட்சேபங்கள். அவற்றை நாம் ஒதுக்கவில்லை.

ஆனால் அவருக்கு ஒரு கேள்வி உண்டு. அதே இரண்டு ராஜ்யங்கள், அதே டில்லி, அதே சுப்ரீம் கோர்ட்டு. அங்கும் கேரள மண்ணில் அணை, தமிழ்நாட்டின் கையில் மதகு. முல்லைப் பெரியாற்றில் மட்டும் ஏன் வேறு கதை?

பெரியாற்றுக் குத்தகை 1886 அக்டோபர் 29 ஆம் தேதி, திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் பிரிட்டிஷ் சர்க்காருக்கும் இடையே 999 ஆண்டுகளுக்கு எழுதப்பட்டது. ஏகாதிபத்தியத்தின் எதிரே ஒரு சுதேச மன்னர் எந்த அளவுக்குச் சுயேச்சையாகக் கையெழுத்திட்டிருக்க முடியும் என்ற கேள்வி கேரளத்தில் இன்றும் அடங்கவில்லை. அக்குத்தகைக்கான துணை ஒப்பந்தங்களும் 1970 மே 29 ஆம் தேதியே கையெழுத்தாயின. பரம்பிக்குளம் உடன்படிக்கை எழுதிய அதே நாள், அதே சர்க்கார்கள்! எனினும் 1979 இல் குஜராத்தில் மச்சு அணை உடைந்து மக்கள் மாண்டதற்குப் பின், பெரியாறு கேரளத்தின் நெஞ்சில் பயத்தின் பெயராயிற்று. தமிழ்நாட்டின் நெஞ்சில் பறிக்கப்படும் உரிமையின் பெயராயிற்று. 2006 இல் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பு, உடனே அதை மீறக் கேரளச் சட்டம், 2014 மே 7 ஆம் தேதி அச்சட்டம் செல்லாது என்று 142 அடிக்கு அநுமதியளித்து மறு தீர்ப்பு என்று வழக்கு வளர்ந்தது. இங்கே ஆனைமலையிலோ சச்சரவு இல்லாமல் இல்லை. ஆனால் அது பெரும்பாலும் கூட்டு நீர் ஒழுங்குமுறை வாரியத்தின் மேஜை மீது கணக்குச் சச்சரவாகவே நடக்கிறது. 2022 செப்டம்பரில் பரம்பிக்குளம் அணையின் ஷட்டர் ஒன்று பெயர்ந்து வெள்ளம் கீழே பாய்ந்தபோதும், அது இரு மக்களிடையே மாறாப் பகையாக மூளவில்லை.

பெரியாறு 1895 இல் முடிந்த பழைய அணை, கீழே வாழும் ஜனத்தொகை பெரிது என்பவை கண்கூடான விஷயங்கள்; எண்ணம் மட்டுமே எல்லாம் என்று நாம் சாதிக்கவில்லை. ஆனால் பலாபலம் ஒன்றாயிருந்தும் பலன் இரண்டாயிற்றென்றால், பலாபலத்துக்கு வெளியே ஏதோ ஒன்று வேலை செய்கிறது என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும். ஓர் ஏற்பாடு சமமானவர்கள் கூடிப் பேசியதாக நினைக்கப்படுகிறது. மற்றொன்று சுமத்தப்பட்டதாக நினைக்கப்படுகிறது. அந்த நினைப்பே வித்தியாசம்.

சொல்லால் ஆனது, சொல்லால் அழியும்

ஆக்கவாதத்தை நல்லெண்ண வேதாந்தம் என்று எண்ணுவோர் ஏமாறுவர். எண்ணத்தால் ஆனது எண்ணத்தாலேயே அழியவும் கூடும். 1960 இல் இந்தியாவும் பாகிஸ்தானும் செய்த சிந்து நதி உடன்படிக்கை 1965, 1971, 1999 ஆம் ஆண்டுகளின் யுத்தங்களைத் தாண்டி நின்றது. பஹல்காம் படுகொலைக்குப் பின், 2025 ஏப்ரலில், அதை நிறுத்தி வைப்பதாக இந்தியா அறிவித்தது. ஆறுகள் அவையே, எதிரே இருப்பவன் உடன்படிக்கைக்கு உரியவன் என்ற எண்ணம் போய்விட்டது.

நம் ஆனைமலை உடன்படிக்கையிலும் ஆபத்தான இடங்கள் உண்டு. கேரளம் இடமலையாற்றுத் திட்டத்தை நிறைவு செய்த பின், தமிழ்நாடு ஆனைமலையாற்றிலிருந்து 2.5 டி.எம்.சி. எடுத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. இடமலையாற்றில் அணையும் மின்நிலையமும் 1980 களிலேயே வேலைக்கு வந்துவிட்டன, ஆகவே நிறைவு என்கிறது தமிழ்நாடு. பாசன வேலைகள் முடியவில்லை, ஆகவே நிறைவு இல்லை என்கிறது கேரளம். ‘நிறைவு’ என்ற ஒரு சொல்லுக்குள் 250 கோடி கன அடி தண்ணீர் அடைபட்டுக் கிடக்கிறது!

‘நாம்’ என்ற எல்லையும் மொழியோடு நின்றுவிடுவதில்லை. 2022 இல் ஆழியாற்றிலிருந்து ஒட்டன்சத்திரத்துக்குக் குடிநீர் கொண்டுபோகத் திட்டம் வந்தபோது, பொள்ளாச்சி, ஆனைமலை விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள். பாலக்காட்டுப் பக்கமும் எதிர்ப்பு எழுந்தது. அன்று எல்லைக் கோடு தமிழனுக்கும் மலையாளிக்கும் இடையே ஓடவில்லை. ஆற்றின் பாத்தியதை உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் இடையே ஓடிற்று.

செய்ய வேண்டியது

உடன்படிக்கையை 30 ஆண்டுகளுக்கு ஒரு முறை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பது விதி. அந்தத் தவணை 1988 இலேயே வந்தது. 2019 செப்டம்பரில் இரு முதல் மந்திரிகளும் திருவனந்தபுரத்தில் சந்தித்துக் குழுக்கள் அமைக்கத் தீர்மானித்தார்கள். புதிய உடன்படிக்கை மட்டும் பிறக்கவில்லை. காலதாமதம் ஆக ஆக, கணக்குச் சச்சரவு மனச் சச்சரவாகத் திரியும். ஒரு முறை திரிந்தபின் அதைப் பழைய நிலைக்குக் கொணர்வது எவ்வளவு கடினம் என்பதற்குப் பெரியாறு சாட்சி.

அரசியல் ஊழியர்களுக்கு நாம் வற்புறுத்துவது இரண்டு. மணக்கடவிலும் சோலையாற்றிலும் பரம்பிக்குளத்திலும் ஓடும் தண்ணீரின் அளவு, இரு பாஷைகளிலும், இரு புறத்துக் குடியானவனும் படிக்கும்படி அன்றாடம் வெளியாக வேண்டும் என்று கேளுங்கள். யதார்த்தவாதி சொல்லும் பயத்துக்கு மருந்து, மறைவில்லாத கணக்கே. இரண்டாவது, மேடையேறும்போது சொல்லை அளந்து பேசுங்கள். ‘அவர்கள் நம் தண்ணீரைத் திருடுகிறார்கள்’ என்று பாலக்காட்டில் ஒருவரும் பொள்ளாச்சியில் ஒருவரும் பேசினால், அது கைதட்டலோடு போவதில்லை. அடுத்த தலைமுறையின் ‘நான் யார், அவன் யார்’ என்ற கேள்விக்கு விடையாக நின்றுவிடுகிறது. நமக்கு நியாயமாய் வர வேண்டிய தண்ணீரை ஒரு சொட்டும் விடாமல் கேட்போம். கேட்பது அண்டை வீட்டானிடம் என்பதையும் மறவாமல் கேட்போம்.