அப்பாவின் நெஞ்சுக்குள் ஒரு சர்க்யூட்



லேப் முடிந்ததும் பவர் சப்ளையை ஆஃப் செய்துவிட்டு நாமெல்லாம் கேன்டீனுக்கு ஓடிவிடுகிறோம். ஆனால் ஒரு நொடிகூட ஆஃப் செய்யக் கூடாத சர்க்யூட் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. அது என் அப்பாவின் இடது தோள்பட்டைக்குக் கீழே, தோலுக்கு அடியில் இருக்கிறது. அதன் பெயர் ஐ.சி.டி.

அப்பா ஒரு வெல்டர். கேட், கிரில், லாரி பாடி என்று 22 வருடம் ஹோல்டர் பிடித்த கை. மாரடைப்பு வந்து பிழைத்தார். ஆனால் இதயத்தின் பம்ப் செய்யும் சக்தி பாதியாகக் குறைந்துவிட்டது. தழும்பு விழுந்த இதயத்தில் துடிப்பு திடீரென்று தறிகெட்டு ஓடலாம் என்பதால் டாக்டர்கள் இந்தக் கருவியைப் பொருத்தினார்கள். அந்தக் கருவியோடும், அதனுடன் வந்த மாத்திரைகளோடும் நாங்கள் வாழக் கற்றுக்கொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

இதயமும் ஒரு டைமர்தான்!

555 ஐ.சி.யில் நாம் பல்ஸ் எடுப்பது போல, இதயத்தின் வலது மேலறையில் உள்ள சைனஸ் கணு என்ற சிறு திசு, ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை மின்துடிப்பை உண்டாக்குகிறது. இது மெதுவானால் துணைக்கு வருவது பேஸ்மேக்கர். கீழறையில் துடிப்பு கட்டுக்கடங்காமல் போனால் அடக்க வருவது ஐ.சி.டி. இன்றைய ஐ.சி.டி.க்களில் பெரும்பாலானவை இரண்டு வேலையையும் செய்யும்.

பிறந்த கதை

1957-ல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஏர்ல் பேக்கன் என்ற எலக்ட்ரானிக்ஸ் பொறியாளர், ஒரு பத்திரிகையில் வந்த மெட்ரோனோம் சர்க்யூட்டை மாற்றியமைத்து, பேட்டரியில் ஓடும் பேஸ்மேக்கரைச் செய்தார். இது உடலுக்கு வெளியே அணிவது. மறுவருடம், 1958 அக்டோபர் 8 அன்று, சுவீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்கு முதன்முதலாக உடலுக்குள்ளேயே பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டது. பொருத்தியவர் டாக்டர் ஓகே செனிங். வடிவமைத்தவர் பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்ட். அந்த முதல் கருவி சில மணி நேரமே உழைத்தது! ஆனால் லார்சன் ஒன்றன்பின் ஒன்றாக இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளோடு 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். தன் டாக்டரையும் பொறியாளரையும் விட அதிக காலம் உயிரோடு இருந்தார் என்பதுதான் வேடிக்கை.

ஐ.சி.டி.யின் தந்தை டாக்டர் மிஷெல் மிரோவ்ஸ்கி. தன் ஆசான் இதயத் துடிப்புக் கோளாறால் இறந்ததைக் கண்டு மனம் நொந்தவர், அதற்கொரு கருவி செய்தே தீருவது என்று இறங்கினார். 1980-ல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அது முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது.

கொஞ்சம் கணக்கு

பேஸிங் பல்ஸ் ஒன்று 2.5 வோல்ட், 0.4 மில்லிசெகண்ட், லீடின் எதிர்ப்பு 500 ஓம் என்று வைத்துக்கொள்வோம். வோல்ட்டேஜின் வர்க்கத்தை நேரத்தால் பெருக்கி எதிர்ப்பால் வகுத்தால் 5 மைக்ரோஜூல். எறும்பு கடித்த அளவுகூடத் தெரியாது. ஆனால் ஷாக் என்பது ஏறத்தாழ 35 ஜூல், அதாவது 70 லட்சம் மடங்கு! சுமார் 3 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுத்து, டிரான்ஸ்பார்மர் மூலம் 750 வோல்ட் அளவுக்கு உயர்த்தி, கெப்பாசிட்டரில் பத்து நொடி போலச் சேமித்து ஒரே வீச்சில் விடுகிறது. "நெஞ்சில மாடு உதைச்ச மாதிரி இருந்துச்சுடா" என்பது அப்பாவின் சொந்த வாக்குமூலம்.

உடனே ஷாக் கொடுத்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். பல சமயம் முதலில் வேகமான சிறு பல்ஸ்களை விட்டுத் துடிப்பை வழிக்குக் கொண்டுவரப் பார்க்கும். முடியாதபோதுதான் உதை.

கருவி காவல்காரன், மாத்திரை வேலி

எங்கள் வீட்டில் எல்லோரும் செய்த தவறு இதுதான்: "அதான் மெஷின் வெச்சாச்சே, இனி எதுக்கு மாத்திரை?" என்று நினைத்தது. திருடன் வந்தபின் பிடிப்பவன் காவல்காரன். வராமல் தடுப்பது வேலி. துடிப்பு கெடாமல் தடுப்பது மாத்திரைகளே. ஆனால் அவை சும்மா இருப்பதில்லை.

மெட்டோப்ரோலால்: துடிப்பின் வேகத்தைக் குறைக்கும். அசதி, தலைசுற்றல், கை கால் சில்லிடுதல் வரலாம்.

அமியோடரோன்: இதில் அயோடின் அதிகம். அதனால் தைராய்டு கெடலாம். கல்லீரல், நுரையீரலையும் கவனிக்க வேண்டும். அவ்வப்போது இரத்தப் பரிசோதனை அவசியம். வெயில் பட்டால் தோல் எரியும், கருக்கும்.

ராமிப்ரில், எனலாப்ரில்: சிலருக்கு விடாத வறட்டு இருமல்.

ஸ்பைரோனோலாக்டோன்: இரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றலாம். "உடம்புக்கு நல்லது" என்று தினமும் இளநீர் வாங்கிக் கொடுக்கும் முன் டாக்டரைக் கேளுங்கள்!

அந்த மூன்று நாட்கள்

அப்பாவுக்கு முகம் கறுத்தது. காலையில் தலை சுற்றியது. சித்தப்பா மகள் கல்யாணம் நெருங்கியது. "நாலு பேர் முன்னாடி நான் தள்ளாடிக்கிட்டு நிக்கணுமா?" என்று யாரிடமும் சொல்லாமல் மாத்திரைகளை நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள் காலை, குழாயடியில் குடம் தூக்கும்போது உதை விழுந்தது. அம்மா அலறினாள். ஆனால் தொடப் பயந்தாள், தனக்கும் ஷாக் அடிக்குமோ என்று. (பயப்பட வேண்டாம். தொட்டிருப்பவருக்கு லேசாகச் சுள்ளென்று இருக்கலாம், ஆபத்தில்லை.)

ஆஸ்பத்திரியில் புரோகிராமரின் தலைப்பகுதியை அப்பாவின் நெஞ்சின்மேல் வைத்ததும் எல்லாம் திரையில் வந்தது. தேதி, நேரம், நிமிடத்துக்கு 210 துடிப்பு, சிறு பல்ஸ்கள் பலிக்கவில்லை, பிறகு 35 ஜூல். டாக்டர் நிமிர்ந்து பார்த்து, "மாத்திரையை நிறுத்தினீங்களா?" என்று கேட்டார். அப்பா தலைகுனிந்தார். நான் கோபத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "தம்பி, அப்பாவைத் திட்டாதீங்க. தலை சுத்துதுன்னு அவர் சொல்றதுக்கு நாமதான் இடம் கொடுக்கல" என்றார் டாக்டர்.

எனக்கு அது சுருக்கென்று தைத்தது. தினமும் "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்டேனே தவிர, "போட்டா எப்படிப்பா இருக்கு?" என்று ஒருநாளும் கேட்கவில்லை.

மெட்டோப்ரோலாலைத் திடீரென்று நிறுத்தினால் இதயம் முன்னைவிட வேகமாகத் துள்ளும் என்று விளக்கிய டாக்டர், நிறுத்தாமலேயே அளவையும் நேரத்தையும் மாற்றிக் கொடுத்தார். வெயிலுக்குக் குடையும் முழுக்கைச் சட்டையும் எழுதாத மருந்துகள். தலைசுற்றல் பெருமளவு குறைந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த உதையே விழுந்திருக்காது!

நினைவில் வையுங்கள்

செல்போனைக் கருவியிலிருந்து 15 செ.மீ. தள்ளி, மறுபக்கக் காதில் வைத்துப் பேசலாம். அந்தப் பக்கச் சட்டைப் பையில் போடக் கூடாது.

இண்டக்‌ஷன் அடுப்புக்கு 2 அடி தள்ளி நிற்கவும். நல்ல எர்த் உள்ள மிக்ஸி, டி.வி.யால் பயமில்லை.

காந்தம் வேண்டாம். ஐ.சி.டி.யின் மேல் காந்தம் பட்டால் பொதுவாக அது ஷாக் கொடுப்பதையே நிறுத்தி வைக்கும். ஸ்பீக்கர் காந்தத்தை வைத்து விளையாடும் நண்பர்கள் கவனிக்க!

ஒரு ஷாக் வந்து ஆள் தெளிவாக இருந்தால் அன்றே டாக்டரிடம் தெரிவிக்கவும். அடுத்தடுத்து வந்தாலோ, மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தாலோ உடனே 108.

ஆர்க் வெல்டிங்தான் அப்பாவுக்கு நேர்ந்த பெரிய இழப்பு. ஆர்க்கின் மின் இரைச்சல் லீடுக்குள் புகுந்தால், அதைக் கெட்ட துடிப்பு என்று நினைத்துக் கருவி வீணாக உதைக்கக் கூடும். அப்பா ஹோல்டரைக் கீழே வைத்துவிட்டார். இப்போது பட்டறையில் மார்க்கிங் போடுகிறார். பையன்கள் வைத்த வெல்டிங்கைத் தடவிப் பார்த்து, "இங்க ஸ்லாக் நிக்குது, திரும்ப அடி" என்கிறார். அவர் கண் தப்பவில்லை.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் மாத்திரை டப்பாவோடு ஒரு அப்பாவோ, பாட்டியோ இருப்பார்கள். இந்த மலரை மூடி வைத்துவிட்டு அவர்களிடம் போய், "மாத்திரை போட்டா எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். மீதியை அவர்களே சொல்வார்கள்.

— இறுதியாண்டு மாணவன்,
மின்னணு மற்றும் தொடர்பியல் துறை