காற்றாலை காத்த நிலம்

சித்தூரிலிருந்து திருப்பதி செல்லும் சாலையில் உள்ள புத்தலப்பட்டு, ஏரியையும் கிணற்றையும் நம்பி வேளாண்மை செய்யும் வறண்ட வட்டாரத்தைச் சேர்ந்தது. மின்சார மோட்டார் பரவுவதற்கு முன் இத்தகைய ஊர்களில் கவலையே முக்கிய நீரிறைப்புச் சாதனமாக விளங்கியது. கபிலை என்றும் இதனை அழைப்பர். இரு காளைகள் சரிவில் இறங்க, வடத்தில் கட்டிய சால் மேலே வரும். வால்கயிறு இழுக்கத் தும்பி வழியாக நீர் வாய்க்காலில் பாயும். ஆழத்தில் உள்ள நீரை வயலுக்குக் கொணர்வதே இங்கு உழவரின் கவலை.

இதற்கு நேர்மாறான தொல்லை நெதர்லாந்து மக்களுடையது. அந்நாட்டின் ஏறத்தாழ கால் பங்கு நிலம் கடல் மட்டத்திற்குக் கீழே அமைந்துள்ளது. வயலில் தேங்கும் நீரை மேலே ஏற்றி வெளியே தள்ளினாலன்றி அங்கு வாழ இயலாது. அப்பணியைப் பல நூற்றாண்டுகள் செய்தவை காற்றாலைகள். பழவேற்காட்டில் 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிச் சோழமண்டலக் கரைத் துணிகளை ஏற்றுமதி செய்த அதே டச்சுக்காரர், அதற்கு முந்திய ஆண்டில்தான் தம் நாட்டில் பீம்ஸ்டர் என்னும் பெரிய ஏரியை நாற்பதுக்கும் மேற்பட்ட காற்றாலைகளைக் கொண்டு வற்றச் செய்து விளைநிலமாக்கினர். அத்திட்டத்திற்கு முதல் போட்ட வணிகருள் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்தோரும் இருந்தனர்.

தாழ்ந்துகொண்டே போன நிலம்

பாதுகாக்கப்பட்டுள்ள ஆலைகளுள் புகழ்பெற்றவை, ராட்டர்டாம் நகருக்குக் கிழக்கே கிண்டர்டைக் என்னும் இடத்திலுள்ள 19 ஆலைகள். அல்பிளாசர்வார்டு எனப்படும் அப்பகுதி, மட்கிய தாவரங்களாலான கரிமண் நிலம். ஆற்று நீர் தாழும் வேளையில் மதகைத் திறந்து வயல் நீரை வடியவிடுவதே தொடக்க கால வழக்கம். ஆனால் கரிமண்ணிலிருந்து நீரை வடித்தால் மண் சுருங்கும், நிலம் தாழும். நிலம் தாழத் தாழ, மதகு மட்டும் போதாததாயிற்று. வடிகாலே வடிகாலின் தேவையைப் பெருக்கிய விந்தை இது. கரைகளையும் மதகுகளையும் பேண அப்பகுதியில் 1277-இலேயே நீர் வாரியம் அமைந்துவிட்டது. நிலமுடையோர் தத்தம் பங்கிற்கு வரியும் உழைப்பும் தருதல் அதன் அடிப்படை. நமது குடிமராமத்தை அறிந்தோர்க்கு இம்முறை புதியதன்று. ஆனால் அங்கு நீர் வாரியங்கள் தேர்தலும் வரி விதிக்கும் உரிமையும் உடைய அமைப்புகளாக இன்றும் நீடிக்கின்றன.

1738-இல் செங்கல்லால் ஆன எட்டு வட்ட ஆலைகளும், 1740-இல் புல் வேய்ந்த எட்டு எண்கோண ஆலைகளும் எழுந்தன. ஏனைய மூன்றும் அண்டைப் போல்டர்களுக்கு உரியவை. போல்டர் என்பது சுற்றிலும் கரை கட்டி நீரை வடித்தெடுத்த தாழ்நிலமாகும்.

இயங்கும் முறை

ஆலையின் நான்கு இறக்கைகளும் மரச்சட்டங்களால் ஆனவை. எதிரெதிர் இறக்கைகளின் நுனிக்கு நுனி நீளம் ஏறத்தாழ 28 மீட்டர். ஆலை ஓட்டுநர் ஒவ்வொரு இறக்கையாகத் தரைக்கருகில் நிறுத்தி, அதன்மீது பாய்த்துணியை விரிப்பார். காற்று வலுத்தால் துணியைச் சுருட்டுவார். காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் ஆற்றல் எட்டு மடங்காகும். எனவே துணியை எவ்வளவு விரிப்பது என்பதைச் சிறு பிழையுமின்றித் தீர்மானித்தாக வேண்டும்.

ஆலையின் உச்சிக் கூண்டு மட்டும் திரும்பக்கூடியது. பின்புறம் தரைவரை நீளும் வால்மரத்தை விசைச்சக்கரத்தால் இழுத்து, இறக்கைகளைக் காற்றுக்கு நேரே நிறுத்துவர். இறக்கைகள் சுழலும்போது அவற்றின் அச்சிலுள்ள பெரிய பற்சக்கரம் நடுவிலுள்ள செங்குத்துத் தண்டைச் சுழற்றும். அத்தண்டின் அடியிலுள்ள மற்றொரு பற்சக்கரம் விசையைத் துடுப்புச் சக்கரத்திற்கு மாற்றும். பற்கள் மரத்தாலானவை, உராய்வு குறையத் தேன்மெழுகு பூசுவர். ஆலையை நிறுத்த, மேல் பற்சக்கரத்தின் விளிம்பை மரக்கட்டைகள் இறுகப் பற்றும். புயலில் இத்தடை சரிவரப் பிடிக்காவிட்டால் உராய்வின் வெப்பத்தில் ஆலையே தீப்பற்றும். அவ்வாறு அழிந்த ஆலைகள் பல.

துடுப்புச் சக்கரம் நீரை உறிஞ்சுவதில்லை. குறுகிய கால்வாயில் தள்ளி மேலேற்றுகிறது. ஆதலின் ஒரு சக்கரம் ஏற்றும் உயரம் ஒன்றரை மீட்டர் அளவே. கூடுதல் உயரத்திற்கு ஆலைகளைப் படிப்படியாக அமைக்க நேர்ந்தது. கிண்டர்டைக்கில் வயல் நீர் முதலில் தாழ்ந்த தேக்கத்தை அடையும். பதினாறு ஆலைகளும் அதனை உயர்ந்த தேக்கத்திற்கு ஏற்றும். லெக் ஆறு தாழும்வரை நீர் அங்கே காத்திருக்கும். பின்னர் மதகு திறக்கப்படும்.

ஓய்வும் பாதுகாப்பும்

1868-இல் நீராவி நீரேற்று நிலையம் வந்ததும் ஆலைகளின் முதன்மை குறைந்தது. எனினும் இரண்டாம் உலகப்போரில் எரிபொருள் கிடைக்காதபோது பழைய ஆலைகளே மீண்டும் நீரிறைத்தன. 1950 அளவில் அவற்றின் அன்றாடப் பணி முடிவுற்றது. இன்று நீரை ஏற்றுபவை பெருந்திருகுகள் பொருத்திய இயந்திர நிலையங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நெதர்லாந்தில் சுமார் 9,000 காற்றாலைகள் இருந்தன. எஞ்சியவை சுமார் 1,200. அவற்றைக் காக்க 1923-இல் ஒரு சங்கம் தோன்றியது. கட்டடத்தைக் காத்தாலும் ஓட்டத் தெரிந்தவர் அருகி வந்தமையால், 1972-இல் தன்னார்வ ஆலை ஓட்டுநர் சங்கம் உருவாயிற்று. நின்றுபோன ஆலை விரைவில் கெடும். ஓடும் ஆலையில் பழுது உடனே கண்ணில் படும். கிண்டர்டைக் ஆலைகளில் இன்றும் குடும்பங்கள் வசித்து அவற்றை ஓட்டிவருகின்றன. யுனெஸ்கோ 1997-இல் கிண்டர்டைக்கை உலகப் பாரம்பரியச் சின்னமாகவும், 2017-இல் ஆலை ஓட்டும் தொழிலைக் காக்கத்தக்க கலையாகவும் ஏற்றது. பின்னதே அரிய ஏற்பு எனலாம்.

இந்தியாவில் ஒரு முயற்சி

1970-களின் பிற்பகுதியில் டச்சுத் தொழில்நுட்ப உதவியுடன் உத்தரப் பிரதேசத்தின் காசிப்பூரில் நீரிறைக்கும் காற்றாலை ஒன்று உருவாக்கப்பட்டது. 12 தகடுகளும் 5 மீட்டர் விட்டமும் கொண்ட அதன் பெயர் 12-பி.யு.-500. பழைய டச்சு ஆலையின் வடிவம் இதில் இல்லை. சக்கரத்தின் சுழற்சி வளைதண்டின் வழியாகக் கிணற்றிலுள்ள உந்துதண்டுப் பம்பை மேலும் கீழும் இயக்கும். 1980-களில் மைய அரசின் செயல்விளக்கத் திட்டத்தின் கீழ் இவ்வகை ஆலைகள் பல மாநிலங்களில் நிறுவப்பட்டன. மின்சாரம் எட்டாத, நீர் மட்டம் மேலாக இருந்த இடங்களுக்கு அவை பொருந்தின. மின் பம்புகள் பெருகி ஆழ்குழாய்க் கிணறுகள் வந்தபின் அவ்வாய்ப்பு சுருங்கியது உண்மையே. ஆயினும் காற்றும் நீரும் வாய்த்த இடங்களிலும் பல ஆலைகள் பழுதாகி நின்றன. கவலையின் தும்பி கிழிந்தால் தைத்துக் கொடுக்க ஊரிலேயே ஆள் உண்டு. கோபுரத்தில் ஏறி அச்சுக்கு எண்ணெயிடவும், பம்பின் தேய்ந்த வளையத்தை மாற்றவும் பழகிய ஆள் அவ்வூர்களில் இல்லை.