அமிலமும் அதன் அடையாளமும்

எறும்பு கடித்த இடம் எரிவது ஏன் என்று கேளாத பிள்ளை இல்லை. சில இன எறும்புகள் வெளியிடும் ஓர் அமிலமே அவ்வெரிச்சலுக்குக் காரணமாகும். ஜோன் ரே என்னும் ஆங்கில அறிஞர், எறும்புகளை வடித்து இவ்வமிலத்தைப் பெறலாம் என்பதை 1671ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். இலத்தீன் மொழியில் எறும்புக்கு வழங்கும் பெயரினின்றே போமிக்கமிலம் என்னும் பெயர் பிறந்தது.

இன்று அது தொழிற்சாலைகளிலே செய்யப்படுகின்றது. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் இறப்பர்த் தோட்டங்களில், மரத்திலிருந்து வடிந்த பாலை உறையச் செய்வது இவ்வமிலமேயாகும். இதன் உறவான அசற்றிக்கமிலமும் அப்பணிக்கு உதவும். வினாகிரிக்குப் புளிப்பைத் தருவதும் அசற்றிக்கமிலந்தான். ஆயின், வினாகிரியில் அது நூற்றுக்கு நான்கைந்து வீதமே உண்டு. செறிந்த நிலையிலோ அதன் குணம் முற்றும் வேறாகும்.

செறிந்த போமிக்கமிலமும் அசற்றிக்கமிலமும் இருமுனைக் கத்தியை ஒத்தவை. தோலையும் கண்ணையும் உலோகத்தையும் அரிப்பது ஒரு முனை, தீப்பற்றுவது மறுமுனை. தூய அசற்றிக்கமிலம் ஏறத்தாழ 39 பாகை செல்சியசுக்குச் சூடேறினால், அதன் ஆவி ஒரு சிறு பொறியாலும் பற்றிக்கொள்ளும். தகரக் கூரையிட்ட களஞ்சியத்தில், கோடை நண்பகலில், அவ்வெப்பம் அரிதன்று.

இத்தகைய பொருளைக் கடல் கடந்து கொண்டுசெல்வது எவ்வாறு? ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் குழு வகுத்த விதிகள் 1956ஆம் ஆண்டு முதன்முதல் வெளிவந்தன. கப்பல்களுக்கெனத் தனி விதித்தொகுப்பொன்று 1965ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டு, 2004ஆம் ஆண்டு முதல் கட்டாயமாயிற்று. அவ்விதிகள் ஆபத்தான பொருள்களை ஒன்பது வகுப்புகளாகப் பிரிக்கின்றன. மூன்றாம் வகுப்பு எரியுந் திரவங்கள்; எட்டாம் வகுப்பு அரிக்கும் பொருள்கள். 85 வீதத்துக்கு மேற்பட்ட போமிக்கமிலம் 1779 என்னும் இலக்கம் பெற்று, இரு வகுப்புகளின் அடையாளங்களையும் தாங்கிச் செல்லல் வேண்டும். அதனினுங் குறைந்து 10 வீதம் வரையுள்ள கரைசலுக்கு இலக்கம் 3412; அரிப்பின் அடையாளம் மட்டுமே உண்டு.

அடையாளங்களோ எழுத்தறியாதவர்க்கும் விளங்குவன. சாய்சதுரச் சிவப்புத் தாளிலே தீச்சுடர் இருப்பின், அது எரியும். கையின்மீதும் உலோகத்தின்மீதும் துளி விழும் படம் இருப்பின், அது அரிக்கும்.

கலனும் பொருளுக்கேற்றதாதல் வேண்டும். போமிக்கமிலம் பல உலோகங்களை அரிப்பதால், தடித்த பிளாஸ்டிக் கலன்களே பொதுவாகப் பயன்படுகின்றன. செறிந்த போமிக்கமிலம் வாளா இருக்கும்போதும் சிறிது சிறிதாகச் சிதைந்து காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயுவை வெளிவிடும். ஆதலின் காற்றுப்போக்கி அமைந்த மூடியும், காற்றோட்டமுள்ள களஞ்சியமும் அவசியமாகின்றன.

அயலில் இருப்பது யாது என்பதும் நோக்கற்பாலது. நைத்திரிக்கமிலமும் எட்டாம் வகுப்பினதே. ஆயினும் அதனைப் போமிக்கமிலத்துக்கோ அசற்றிக்கமிலத்துக்கோ அருகில் வைத்தல் ஆகாது. தான் எரியாவிடினும், பிறவற்றை எரியச் செய்யும் இயல்பு அதற்குண்டு.

இதன் கொடுமையை எமது நாடு கண்ணாரக் கண்டது. 2021ஆம் ஆண்டு மே மாதம் 20ஆந் திகதி, கொழும்புக்கு அண்மைக் கடலில் எக்ஸ்-பிரெஸ் பேர்ள் என்னும் கப்பல் தீப்பற்றியது. அதில் இருந்த 1,486 கொள்கலன்களுள், 25 தொன் நைத்திரிக்கமிலமும் அடங்கியிருந்தது. அமிலக் கொள்கலன் ஒன்று கசிவது முன்னரே அறியப்பட்டிருந்தும், வழியில் இரு துறைமுகங்களில் அதனை இறக்க இடங் கிடைக்கவில்லை. கப்பல் எரிந்து மூழ்கியது. பிளாஸ்டிக் மணிகள் கரையெங்கும் ஒதுங்கின. மீனவர் பலர் தொழில் இழந்தனர். கசிவை அறிந்தது மட்டும் போதாது. அறிந்தபின் ஏற்றுச் சீர்செய்யும் கையும் வேண்டும் என்பதே அது தந்த பாடம்.

ஆயின், கப்பலும் லொறியும் ஒழுங்காக வந்து சேர்ந்த அமிலம் எங்கே தன் அடையாளத்தை இழக்கின்றது? பெரிய கலனிலிருந்து வெற்றுச் சோடாப் போத்தலில் ஊற்றும் அந்த ஒரு நிமிடத்திலேதான். நிறமற்ற அத்திரவத்தைத் தண்ணீரென்று எண்ணித் தாகத்தோடு வரும் பிள்ளை வாயில் வைத்தால், தொண்டையும் குடலும் வெந்துவிடும். இலக்கமும் சுடர்ப்படமும் கடல் கடந்து காத்துவந்த உயிரை, பெயரில்லாத போத்தல் ஒன்று பறித்துவிடக்கூடும்.

ஆகவே நாம் கைக்கொள்ள வேண்டியவை சிலவே. அமிலத்தை அதன் சொந்தக் கலனிலேயே, பூட்டிய இடத்தில், அடுப்புக்குத் தூரமாக வைப்போம். ஐதாக்கும்போது நீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாக விடுவோம். அமிலத்தில் நீரை ஊற்றோம். கையுறையும் கண்காப்பும் அணிவோம். மேலே பட்டுவிட்டால், நனைந்த உடையைக் களைந்து, ஓடும் நீரில் இருபது நிமிடமாவது கழுவுவோம். விழுங்கியவரை வாந்தியெடுக்கச் செய்யாது, கலனின் பெயர்த்தாளையும் உடன் கொண்டு வைத்தியசாலைக்கு விரைவோம்.

அத்தாளைக் கிழிக்காமல் வைத்திருப்பவர்க்கே அதனைக் கொண்டுசெல்ல இயலும் என்பதை, வீட்டிலுள்ள பெரியவர்களும் மாணவர்களும் நினைவில் இருத்துவார்களாக.